17சி நகல் இல்லாமல் எண்ணிக்கை மேசையில் உட்காராதீர்கள்

சட்டமன்றத் தேர்தல் வாக்கு எண்ணிக்கைக்கு முகவராகப் போகிறவர்களுக்கு: செல்போனை உள்ளே விடமாட்டார்கள். பேனா, வெள்ளைத்தாள், வாக்குப்பதிவு முடிந்ததும் பூத்தில் கொடுத்த படிவம் 17சி (அந்த பூத்தில் பதிவான வாக்குகளின் கணக்கு) நகல்கள், இவை போதும். பொதுவாக 14 மேசை. 3-ம் மேசைக்கு முதல் சுற்றில் 3-ம் பூத், அடுத்து 17, பிறகு 31 என்று வரும். நகல்களை அதே வரிசையில் அடுக்கி வையுங்கள்.

வாக்குகள் பதிவாகியிருக்கும் கன்ட்ரோல் யூனிட் மேசைக்கு வந்ததும் வரிசை எண்ணையும் சீலையும் நகலோடு ஒப்பிடுங்கள். அடுத்து மொத்த வாக்கு. நகலில் 812 என்றால் திரையிலும் 812 இருக்க வேண்டும். ஆட்சேபம் இருந்தால் ரிசல்ட் பட்டனை அழுத்தும் முன்பே சொல்லிவிடுங்கள். வேட்பாளர் வாரியாக எண் ஓடும்போது ஒன்று தவறினாலும் கூச்சப்படாமல் மறுபடி காட்டச் சொல்லுங்கள்.

—

திரையில் சரியாக 50 ஓட்டு கூடுதலாக வந்தால், வாக்குப்பதிவு நாள் காலையில் இயந்திரத்தைச் சோதிக்கப் போட்ட மாதிரி வாக்குகளை அழிக்க மறந்திருப்பார்கள். சண்டை வேண்டாம். அந்த இயந்திரத்தைத் தனியே எடுத்து வைப்பார்கள். கடைசியில் அந்த பூத்தின் விவிபேட் சீட்டுகளை (ஒவ்வொரு ஓட்டுக்கும் அச்சாகும் தாள் சீட்டு) எண்ணுவார்கள். சரிபார்ப்புக்காகத் தொகுதிக்கு 5 பூத்தைக் குலுக்கலில் எடுத்து நடத்தும் சீட்டு எண்ணிக்கை வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு பலர் வீணாக வாதாடுகிறார்கள்.

—

தபால் ஓட்டு மேசைக்கு விவரம் தெரிந்தவரையே அனுப்புங்கள். வாக்காளர் இணைத்து அனுப்பும் படிவம் 13ஏ உறுதிமொழியில் அவர் கையெழுத்தோ அதிகாரியின் சான்றொப்பமோ இல்லையென்றால், வாக்குச்சீட்டு இருக்கும் உள் உறையைப் பிரிக்கவே மாட்டார்கள். உறுதிமொழியிலுள்ள வாக்குச்சீட்டு எண்ணும் உள் உறை மீதுள்ள எண்ணும் ஒத்துப்போகாவிட்டாலும் ஓட்டு தள்ளுபடிதான். 2016-ல் ராதாபுரத்தில் அதிமுகவின் இன்பதுரை திமுகவின் அப்பாவுவை வென்றது 49 ஓட்டில். தபால் ஓட்டுகளில் சான்றொப்பமிட்ட தலைமையாசிரியருக்கு அந்தத் தகுதி உண்டா என்பது உயர் நீதிமன்றம் வரை போனது. 2019-ல் தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ண உத்தரவிட்டார்கள்.

—

2021-ல் தியாகராய நகரில் வித்தியாசம் வெறும் 137. இப்படி நெருக்கமாக வந்தால் மறு எண்ணிக்கை கேட்டு, காரணத்தோடு உடனே எழுதிக் கொடுங்கள். தேர்தல் அதிகாரி இறுதி முடிவுத் தாளான படிவம் 20-ல் கையெழுத்திட்டுவிட்டால் அங்கே கதவு மூடிவிடும். பிறகு 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குதான்.

—

கட்சிவாரி முடிவைத் தொகுப்பவர்களுக்கும் ஒன்று. 2021-ல் திமுக 125 என்றும் 133 என்றும் இரண்டு கணக்கு உலவுகிறது. இரண்டும் சரி. மதிமுக 4, மனிதநேய மக்கள் கட்சி 2, கொங்குநாடு மக்கள் தேசிய கட்சி 1, தமிழக வாழ்வுரிமைக் கட்சி 1 என கூட்டணிக் கட்சிகளின் எட்டுப் பேர் திமுகவின் உதயசூரியன் சின்னத்தில் நின்று வென்றார்கள். தேர்தல் ஆணையத்தின் பட்டியல் சின்னத்தைப் பார்த்து 133 என்று போடுகிறது. அதிமுகவின் 66-லும் இரட்டை இலையில் நின்ற புரட்சி பாரதத்தின் ஓர் இடம் அடக்கம்.