வடிகால் தண்ணிய திரும்ப வயலுக்கு ஏத்துனவங்க அனுபவம் சொல்லுங்க

கடைமடைக்காரன்:
நமக்கு தலைஞாயிறு பக்கம். ஜனவரி 28 மேட்டூர் அணைய மூடுனா கொஞ்ச நாள்ல ஆத்துல ஓட்டம் நின்னுடும், அப்பதான் லேட்டா நட்ட தாளடி நெல்லு (ரெண்டாம் போகம்) பூத்து பால் பிடிக்குற நேரம், ஊரே ஆயில் எஞ்சின தூக்கிகிட்டு வடிகால் கரைக்குப் போயிடும். மேல்மடை வயல்ல இருந்து வடிஞ்சு வர்ற தண்ணிதான, உரமும் கரைஞ்சு வருது, சும்மா கடலுக்குப் போறத எடுத்தா என்னன்னு பேச்சு. இந்த தடவ பங்காளி வயல்ல எஞ்சின் தண்ணி விழுற மூலைல மட்டும் இலை நுனி காஞ்சு கதிர் வெள்ளையா நின்னுச்சு. எல்லாரும் குருத்துப்பூச்சி, மருந்து அடின்னாங்க. கதிர இழுத்துப் பாத்தா கையோட வரல, பூச்சின்னா உருவிகிட்டு வந்துருமே. அப்புறம் ஊர்ப் பையன் ஒருத்தன் தண்ணிய புடிச்சு மீட்டர்ல பாத்தா இசி, அதான் தண்ணில எவ்வளவு உப்பு இருக்குன்னு காட்டுற அளவு, 4க்கு மேல காட்டுது. இதே வடிகால்ல நவம்பர்ல எல்லாரும்தான் எடுத்தோம், ஒண்ணும் ஆகல. வேற யாருக்காச்சும் இப்படி?

மண்லேப்:
மண், தண்ணி டெஸ்ட் பண்றதுதான் நம்ம பொழப்பு, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன் பொறுத்துக்கங்க. நவம்பர்ல மழைத் தண்ணி கலந்து ஓடும், உப்பு கம்மியா இருக்கும். பிப்ரவரில ஓட்டம் இல்ல, வெயில் ஏறுது, அடுப்புல வச்ச ரசம் சுண்டுறாப்ல தண்ணி போயி உப்பு நிக்கும், ஒவ்வொரு வயலா ஏறி எறங்கி வர்றப்ப இன்னும் சேரும். அதனால வடிகால் தண்ணி நல்லதா கெட்டதான்னு பொதுவா கேட்டா பதில் கிடையாது, எந்த மாசம்னு கேளுங்க.

நெல்லுக்கு உலக உணவு வேளாண் அமைப்போட டேபிள் ஒண்ணு இருக்கு. தண்ணி இசி 2 வரைக்கும் மகசூல் குறையாது, 3.4 போனா கால்வாசி போச்சு, 4.8ல பாதி. நெல்லு முளைக்கும்போதும் தூர் கட்டும்போதும் ஓரளவு உப்பு தாங்கும், இளநாத்துலயும் பூக்குற நேரத்துலயும் தாங்காது, பூவுல பட்டா மணி பிடிக்காம பதராயிடும். உங்க ஊர்ல ரெண்டும் ஒண்ணா சேந்துருக்கு பாருங்க, வடிகால் உப்பேறுற மாசமும் பயிர் பூக்குற மாசமும்.

இன்னொரு கணக்கு. இசி 2 உள்ள தண்ணில லிட்டருக்கு ஏறக்குறைய 1.3 கிராம் உப்பு. ஒரு ஏக்கர்ல ஒரு இஞ்சு நிறுத்தினா அது ஒரு லட்சம் லிட்டர், அதாவது சுமார் 130 கிலோ உப்பு. பயிர் தண்ணிய மட்டும்தான் குடிக்கும், உப்பு வயல்லயே நின்னுடும்.

வேதாரண்யத்தான்:
எங்க பக்கம் கத வேற. வடிகால் கரையில இறால் பண்ணை வந்துருச்சு, அறுவடை முடிஞ்சா குட்டைத் தண்ணிய அப்படியே வடிகால்ல தொறந்து விடுறாங்க. அதோட கடல் தண்ணி ஏறுறப்ப, அத உள்ள விடாம தடுக்குற ரெகுலேட்டர் ஷட்டர் அடியில ஒழுகல் வேற. பாக்குறதுக்கு கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும், அதுலதான் ஏமாந்து போறது, கலங்கல் தண்ணிய கூட நம்பலாம். அப்பா வாயில ஊத்திப் பாத்து சொல்லிடுவாரு, ஆனா நாக்குக்கு உப்புன்னு தெரியறப்ப பயிருக்கு ஏற்கனவே லேட்டு.

பெரிய அடி உளுந்துக்குத்தான். சம்பா எப்படியோ தப்பிச்சிருச்சு, வழக்கம்போல அறுவடைக்கு முன்னாடி ஈரத்துல உளுந்து தெளிச்சோம், முளைச்சு ரெண்டு இலைக்கு மேல நகரல, மண்ணுல திட்டு திட்டா உப்பு வெள்ளையா பூத்துருச்சு.

மண்லேப்:
ஆமா, பயறு வகை நெல்ல விட ரொம்ப நோஞ்சான் உப்பு விஷயத்துல. பருத்தி நல்லா தாங்கும், ஆனா முளைக்கிறப்ப மட்டும் நல்ல தண்ணி வேணும்.

மஞ்சக்காட்டான்:
நாங்க கீழ்பவானிங்க. இங்க கசிவுத் தண்ணி இல்லீன்னா பாதி கெணறு இல்லீங்க, மேல்காட்டுக்குப் பாயுறது ஊறி பள்ளத்துல வந்து எங்க கெணத்துக்கு வருது, அத குறை சொல்ல மாட்டேன். ஆனா வாய்க்கா நின்ன மாசத்துல கெணத்துத் தண்ணி உப்புக் கரிக்கும். தென்னை அசரல, மஞ்சள்தான் இலை ஓரம் கருகுச்சு. சொட்டுநீர் போட்டா உப்பு போயிரும்னு வித்தவங்க சொன்னாங்க, எங்கீங்க போகுது, ஈரம் முடியுற எடத்துல வட்டமா வெள்ளையா நிக்குது. சின்ன மழை ஒண்ணு பேஞ்சா அந்த உப்பு பூராவும் வேருக்கு எறங்கிரும், அதனால தூறல் போட்டா எல்லாரும் மோட்டார நிறுத்துவாங்க, நான் ஓட விடுவேன். பாக்குறவங்க சிரிப்பாங்க, சிரிக்கட்டும்.

கெய்ரோரிட்டன்:
எகிப்து டெல்டால பம்ப் வேலை பாத்தேன். அங்க இத கவர்மெண்ட்டே பண்ணுது, அல் சலாம் கால்வாய்னு ஒண்ணு, நைல் தண்ணியும் வடிகால் தண்ணியும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி கலந்து சூயஸ் கால்வாய்க்கு அடியில சினாய்க்கு கொண்டு போறாங்க. கலந்து விடுறதால ஓடுது. அது போக விவசாயிங்க தனியா டீசல் பம்ப் வச்சு நேரா வடிகால்ல இருந்து இழுப்பாங்க, அதுக்கு கணக்கே கிடையாது. வடக்க கடலோரத்துல நெல்லு விடாம போடுறதே உப்ப கீழ அமுக்கத்தான், அரசாங்கம் நெல் ஏரியாவ குறைக்க சொன்னா அவங்க ஒத்துக்க மாட்டாங்க.

கடைமடைக்காரன்:
கலக்குறதுன்னா எங்களுக்கு அந்த நேரத்துல நல்ல தண்ணி எங்க இருக்கு சார். இப்ப பங்காளி ஜிப்சம் வாங்க கெளம்பிட்டாரு, போடலாமா?

மண்லேப்:
நிறுத்துங்க அவர. ஜிப்சம் களருக்கு, அதாவது சோடியம் ஏறி மண்ணு இறுகிப் போனதுக்கு. வெறும் உவருக்கு, அதாவது உப்பு மட்டும் ஏறுன மண்ணுக்கு, ஜிப்சம் போட்டா காசுதான் கரையும். மண்ணுல இசி, பிஎச் ரெண்டும் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. உவர்னா நல்ல தண்ணி நிறுத்தி வடிக்கணும், உங்க வயலு வடிகால விட பள்ளமா இருந்தா வடியவும் வடியாது, அங்கதான் நிஜமான சிக்கல். அக்டோபர் மழைக்கு முன்னாடி வரப்ப உயர்த்தி, வடிமடைய தூர் வாரி வைங்க, மொத மழைத் தண்ணிய நிறுத்தி வடிச்சு விடுங்க.

வேதாரண்யத்தான்:
திருச்சி 3 நெல்லு போடலாம்ங்குறாங்களே?

மண்லேப்:
அது களருக்குன்னு வந்த ரகம், போடலாம். அதுக்காக பூக்குறப்ப 4 இசி தண்ணி விடலாம்னு அர்த்தம் இல்ல. தேதிய முன்னாடி கொண்டு வாங்க, மேட்டூர் மூடுறதுக்குள்ள பூ முடிஞ்சிடணும்.

கடைமடைக்காரன்:
ஆடில தண்ணி வந்தாத்தான சார் தேதி நம்ம கையில. சரி, மீட்டர் ஒண்ணு ஊர்ப் பொதுவுல வாங்கலாம்னு பேசிகிட்டு இருக்கோம், எஞ்சின் எறக்குறதுக்கு முன்னாடி யாரா இருந்தாலும் பாத்துட்டு எறக்கட்டும்.