மறு: நியூமரிக்கல் அப்பர்ச்சர்: 'எண் துளை' வேண்டாம், 'ஏற்பு எண்' சரிவருமா?

வணக்கம். நுண்ணோக்கி லென்சு எவ்வளவு அகலமாக ஒளியை வாங்கிக்கொள்கிறது என்று சொல்லும் எண்தான் நியூமரிக்கல் அப்பர்ச்சர்; அதற்குத் தமிழ்ச்சொல் எது என்பதே பேச்சு.

> 'எண் துளை' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாம்.

சொற்பட்டியலில் இருக்கிறது, சரி. ஆய்வகத்தில் எல்லாரும் சொல்வது ஆங்கிலப் பெயரின் சுருக்கமான 'என்.ஏ' தான். அது போகட்டும், என் குறை 'துளை' மேல். அந்தச் சொல்லைக் கேட்டதும் மாணவர் ஏதோ ஓட்டையின் விட்டத்தை மில்லிமீட்டரில் நினைத்துக்கொள்வார். நுண்ணோக்கியின் 100 மடங்கு லென்சைத் திருப்பிப் பாருங்கள், முனையில் குண்டூசித் தலை போலத் துளியூண்டு கண்ணாடி. 4 மடங்கு லென்சுக்கோ நல்ல அகலமான வாய். ஓட்டையை நம்பினால் 4 தான் உசத்தி. ஆனால் உலோகத்தில் பொறித்திருப்பது தலைகீழ்: அதில் 100/1.25, இதில் 4/0.10 (முதலில் உருப்பெருக்கம், அடுத்தது என்.ஏ).

ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் ஆபே வரையறுத்ததில் துளையே கிடையாது. பொருளின் ஒரு புள்ளியிலிருந்து விரியும் ஒளியில் லென்சு எவ்வளவு அகலமான கூம்பை வாங்கிக்கொள்கிறதோ, அதன் அரைக்கோணத்துக்கு சைன் எடுத்து, இடையில் உள்ள ஊடகத்தின் ஒளிவிலகல் எண்ணால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். சைன் 1-ஐத் தாண்டாது என்பதால் காற்றில் 0.95 வந்தாலே பெரிய விஷயம். 1.25 கிடைப்பது நடுவில் விடுகிற எண்ணெய்ச் சொட்டின் தயவில். அதன் விலகல் எண் சுமார் 1.515, ஏறக்குறைய கண்ணாடியேதான். பச்சை ஒளியின் அலைநீளம் 550 நானோமீட்டர் என்று வைத்து, அதை 1.25-இன் இரு மடங்கால் வகுத்தால் 0.22 மைக்ரோமீட்டர். இதைவிட நெருக்கமான இரு புள்ளிகள் பிரிந்து தெரியாது. கண்ணருகு லென்சை 10-லிருந்து 25-க்கு மாற்றினாலும் இந்தக் கணக்கு நகராது, மங்கல்தான் பெரிதாகும் (விற்பவர்கள் '2500 மடங்கு' என்று கூவுவதில் பாதிக்கு மேல் இந்த மங்கல்தான்).

அதனால்தான் 'ஏற்பு எண்' என்கிறேன். ஒளியிழை பற்றி எழுதுகிறவர்களிடம் 'ஏற்புக் கோணம்' இருக்கிறது, அங்கேயும் இதே அளவுதான் வருகிறது, ஆகவே இரண்டு துறைக்கும் ஒரே சொல் போதும். சேர்த்து 'ஏற்பெண்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்; புணர்ச்சி விதிப்படி சரிதான், ஆனால் நடுவில் ஒரு பெண் வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

இடிக்கிற இடம் ஒன்று உண்டு. மேடைக்குக் கீழே இருக்கும் ஒளிக்குவிப்பிக்கும் என்.ஏ உண்டு, அது ஒளியை ஏற்பதில்லை, மேலே கொடுக்கிறது. அங்கே 'கூம்பு எண்' இன்னும் நன்றாகப் பொருந்தும். இரண்டுக்கும் சேர்த்து அதையே வைத்துவிடலாம் என்று யாராவது வாதாடினால் நான் பெரிதாக எதிர்க்கமாட்டேன். துளை மட்டும் வேண்டாம்.