மோட்டார்ஹோமுக்குச் சர்ஜ் புரொடெக்டர்: பட்டவர்கள் சொல்லுங்கள்

இட்லிவண்டி:
போன மாதம் ஒரு பழைய மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே தங்கிப் பயணம் போகும் வீட்டு வண்டி, வாங்கினோம். 30 ஆம்பியர் வண்டி, கூரையில் ஒரே ஒரு ஏசி. விற்றவர் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, "சர்ஜ் புரொடெக்டர் இல்லாமல், இந்த வண்டிகள் தங்கும் எந்தப் பார்க்கிலும் வயரைச் சொருகிவிடாதே" என்றார். கரண்ட் எகிறினால் வண்டியைக் காக்கும் பெட்டியாம். சரி என்று தேடினால் ஒன்று 100 டாலர் பக்கம் இருக்கிறது, இன்னொன்று 300 டாலர் பக்கம். இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான், அதே மூன்று முனைப் பிளக். இடி இடித்தால் வயரைப் பிடுங்கி வைத்துவிடலாமே, இதற்கு எதற்கு 300 என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கும் பதில் தெரியவில்லை. பயன்படுத்தியவர்கள் நடந்ததைச் சொல்லுங்கள்.

டல்லாஸ் மாமா:
தம்பி, மின்னலை மறந்துவிடுங்கள். எங்கள் வண்டியைக் கெடுத்தது மின்னல் இல்லை, எங்கள் வீட்டுச் சுவர்.

பயணத்துக்கு முந்தின நாளே ஃபிரிட்ஜைக் குளிர வைக்கலாம் என்று கராஜ் ஓரத்தில் ஒரு 30 ஆம்பியர் பிளக் பாயின்ட் போடச் சொன்னேன். வந்த எலக்ட்ரீஷியன் வீட்டு வேலைகளில் கைதேர்ந்தவர்தான். ஆனால் 30 ஆம்பியர் என்றதும் துணி உலர்த்தும் டிரையருக்குப் போடுவதைப் போல 240 வோல்ட் கொடுத்துவிட்டார். நம் வண்டியின் 30 ஆம்பியர் பிளக் 120 வோல்ட்டுக்கு உரியது. கரண்ட் வர ஒரு ஹாட், திரும்பிப் போக ஒரு நியூட்ரல், கசிவை இறக்க ஒரு கிரவுண்ட், அவ்வளவுதான். இந்தத் தவறு அமெரிக்கா முழுக்க அடிக்கடி நடக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

சொருகினேன். மைக்ரோவேவ் கடிகாரம் ஒரு முறை பளிச்சென்று எரிந்து அணைந்தது. படிக்கட்டுக்கு அடியில் இருந்த கன்வெர்ட்டரில், அதாவது 120 வோல்ட்டைப் பேட்டரிக்கு ஏற்ற 12 வோல்ட்டாக மாற்றும் பெட்டியில், டப் என்று ஒரு சத்தம், அப்புறம் கருகிய வாடை. டிவி, மைக்ரோவேவ், கன்வெர்ட்டர், ஃபிரிட்ஜ் போர்டு எல்லாம் போச்சு. மல்டிமீட்டரை எடுத்து வந்து இரண்டு தட்டையான துளைகளுக்கு நடுவே வைத்தால் 243 காட்டுகிறது. 120 இருக்க வேண்டிய இடம். அந்த மீட்டரை ஐந்து நிமிடம் முன்னால் எடுத்திருக்கலாம், என்ன செய்வது.

உங்கள் 100 டாலர் பெட்டி கண நேர வோல்டேஜ் எகிறலை மட்டும்தான் உறிஞ்சும். 240 தொடர்ந்து வந்தால் அதுவே கருகும், வண்டியைக் காப்பாற்றும் என்று நம்ப முடியாது. 300 டாலர் பெட்டி, அதாவது இஎம்எஸ், முதலில் கரண்டைச் சோதிக்கும். சரியில்லை என்றால் உள்ளே விடவே விடாது. உங்கள் வீட்டுக்காரர்களின் கேள்விக்குப் பதில் அதுதான்.

அரிசோனா அண்ணாச்சி:
எனக்கு நேர் எதிர், கரண்ட் குறைந்துதான் தொல்லை. ஜூலை மாதம், பீனிக்ஸ் பக்கம். பகல் மூன்று மணிக்குப் பார்க்கில் அத்தனை வண்டியிலும் ஏசி ஓடுகிறது. காலையில் 119 வோல்ட் இருந்தது 105-க்கு இறங்கியது. நாங்கள் சாதம் சூடாக்க மைக்ரோவேவ் போட்டதும் 103. டக் என்று வெட்டிவிட்டது. என்னுடைய இஎம்எஸ் 104-க்குக் கீழே போனாலும் 132-க்கு மேலே போனாலும் துண்டித்துவிடும்.

உள்ளே வெந்துகொண்டு அந்தப் பெட்டியை வாய்விட்டுத் திட்டினேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், வோல்ட் குறைந்தால் கம்ப்ரசர் மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், சுருள் சூடாகும். ஊரில் ஃபிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் வைத்தோமே, அதே காரணம். அன்றைக்கு வெட்டாமல் இருந்திருந்தால் கூரை ஏசியை மாற்ற வேண்டிக்கூட வந்திருக்கலாம்.

இன்னொன்று. கரண்ட் சரியானாலும் இந்தப் பெட்டி உடனே திறக்காது. என்னுடையது 136 விநாடி காத்திருக்கும். நின்ற ஏசி கம்ப்ரசர் மறுபடி ஓடும் முன் உள்ளே அழுத்தம் தணிய வேண்டும், அதற்காக. முதல் நாள் இது தெரியாமல் பெட்டி செத்துவிட்டது என்று நினைத்து மூன்று முறை கழற்றி மாட்டினேன். ஒவ்வொரு முறையும் 136 முதலிலிருந்து!

நாலுமுனை:
50 ஆம்பியர் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நமக்கு நாலு முனைப் பிளக், இரண்டு ஹாட். ஒவ்வொன்றிலும் 120, இரண்டுக்கும் நடுவே 240. நியூட்ரல் கழன்றால் அந்த 240 வண்டிக்குள் இருக்கும் சாமான்களுக்கிடையே பிரிந்துகொள்ளும். சரிபாதியாக அல்ல. ஒரு பக்கம் 70, மறுபக்கம் 170 என்று கூட வரும். ஊரில் தெரு நியூட்ரல் அறுந்தால் டியூப்லைட்டும் டிவியும் வெடிக்கும், நினைவிருக்கிறதா? அதேதான், இங்கே ஒரே வண்டிக்குள். என் அப்பா இங்கே வந்திருந்தபோது இதை விளக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

எனக்கு இது ஒரு முறை நடந்தது. பெட்டி வெட்டிவிட்டது, உள்ளே எதுவும் போகவில்லை. அதனால் சொல்லக் கதை எதுவும் இல்லை :)

காட்டுக்குள்வீடு:
ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். என் சின்ன இன்வெர்ட்டர் ஜெனரேட்டரில் மாட்டியதும் இஎம்எஸ் கிரவுண்ட் இல்லை என்று கத்தியது. பெட்டி பழுது என்று திருப்பி அனுப்பவே தயாராகிவிட்டேன். விஷயம் என்னவென்றால் இந்த மாதிரி ஜெனரேட்டர்களில் நியூட்ரலும் கிரவுண்டும் உள்ளே இணைக்கப்படாமல் இருக்கும். அவற்றை இணைக்கும் ஒரு சின்னப் பிளக் கடையில் கிடைக்கிறது, அதை ஜெனரேட்டரின் இன்னொரு துளையில் மாட்டினால் போதும். பார்க்கில் மட்டும் அதைப் பயன்படுத்தாதீர்கள், அது ஜெனரேட்டருக்கு மட்டும்.

இட்லிவண்டி:
அப்படியானால் பார்க்கில் கிரவுண்ட் இல்லை என்று காட்டினால் அது பெரிய விஷயமா? விளக்கெல்லாம் எரியத்தானே செய்யும்?

டல்லாஸ் மாமா:
எரியும். அதுதான் ஆபத்து. கிரவுண்ட் இல்லாத நேரத்தில் உள்ளே எங்காவது கசிவு இருந்தால் வண்டியின் தகரம் முழுக்கக் கரண்ட் ஏறும். வண்டி டயர் மேல் நிற்கிறது, அது மண்ணுக்கு இறங்க வழி இல்லை. மழை பெய்த புல்லில் வெறுங்காலோடு நின்று கதவுப் பிடியைத் தொடுகிற குழந்தைதான் அதற்கு வழி. கதவைத் தொடும்போது லேசாகச் சுருக்கென்று இருந்தால்கூட உடனே பார்க் கரண்ட் கொடுக்கும் மின்பெட்டியில் பிரேக்கரை இறக்கிவிடுங்கள்.

அரிசோனா அண்ணாச்சி:
வாங்கும்போது வண்டியின் வயர் 30-ஆ 50-ஆ என்று பார்த்து அதற்கேற்ப வாங்குங்கள். பார்க்கில் இருப்பது வேறு அளவு என்றால் அடாப்டரை மின்பெட்டிப் பக்கம் மாட்டி, அதற்கு அடுத்து இஎம்எஸ். எவ்வளவு எகிறலை உறிஞ்சும் என்று அட்டையில் ஜூல் எண் போட்டிருப்பார்கள். பெரிய எண் நல்லதுதான், ஆனால் நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். உள்ளே எகிறலை உறிஞ்சும் வேரிஸ்டர் என்ற பாகம் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் தேயும், டயர் மாதிரி. தேய்ந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளும் வகையும் உண்டு.

அப்புறம், பூட்டு வாங்குங்கள். என் முதல் பெட்டி இரவோடு இரவாகக் காணாமல் போனது. இரண்டாவதை வண்டிக்குள்ளேயே வயரோடு இணைத்துவிட்டேன். மழையும் படாது, திருடனும் தொட மாட்டான்.

நாலுமுனை:
பெட்டி கண்டுபிடிக்காத ஒன்றும் இருக்கிறது. பழைய பார்க்குகளில் துளைக்குள் இருக்கும் தகடு தளர்ந்து போயிருக்கும். பிளக் இறுக்கமாக உட்காராமல் ஆடினால் அந்த இடம் சூடாகி உருகும். திரையில் எல்லாம் சரி என்றே காட்டும். அரை மணி நேரம் ஏசி ஓடிய பிறகு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் பிரேக்கரை இறக்கிவிட்டு வேறு இடம் கேளுங்கள்.

இட்லிவண்டி:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். 30 ஆம்பியர் இஎம்எஸ் வாங்கி, முதல் பயணம் போய்வந்தாயிற்று.

மாமா சொன்ன பயத்தில் பிரேக்கரை இறக்கி, பெட்டியை மட்டும் சொருகி, பிரேக்கரைத் தூக்கிவிட்டு நின்றேன். வண்டி வயர் இன்னும் தரையில். திரையில் பிழை: ஹாட்டும் நியூட்ரலும் மாறியிருக்கிறது. பின்னால் குடை பிடித்து நின்ற மனைவி, "300 டாலர் பெட்டி முதல் நாளே கெட்டுப்போச்சா?" என்றாள். பார்க் ஊழியர் வந்தார், தன் சோதனைக் கருவியைச் சொருகினார், தலையைச் சொறிந்தார், பக்கத்து இடத்துக்கு மாறச் சொன்னார். அங்கே 121 வோல்ட், பிழை இல்லை. இரண்டு நிமிடம் சொச்சம் மௌனம். டக்.

மறுநாள் காலையில் ஏசியை நிறுத்திவிட்டுக் கிரைண்டரில் மாவு அரைத்தோம். திரையில் 118. மாவு மழை நாளிலும் நன்றாகவே புளித்தது.