ஏற்காடு போய் வந்தால் கை மரத்துப்போகிறது, ஹேண்டில் மாற்றலாமா? அவசரம்

அடிவாரத்தான்:
வணக்கம். அப்பாவின் பழைய வண்டியைச் சரிசெய்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சேலத்துக்குள் ஓட்டினால் ஒன்றும் தெரியவில்லை. ஏற்காடு போய் வந்தால் இரண்டு கையும் மரத்துப்போகிறது, இடுப்பும் பிடித்துக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போக வேண்டும். உயரமான ஹேண்டில் போட்டால் சரியாகுமா? எங்கே கிடைக்கும்? சீக்கிரம் சொல்லுங்க.

கோரிமேடு வாசி:
என்ன வண்டிங்க? புல்லட்டா, எஸ்டியா, ராஜ்தூத்தா? எந்த வருடம்? உங்கள் உயரம் எவ்வளவு?

தேங்காய்நார்:
எந்த வண்டியாக இருந்தாலும் முதலில் சீட்டைப் பாருங்க. பழைய ஃபோம் நடுவில் குழிந்துபோயிருக்கும். உட்கார்ந்த பத்து நிமிடத்தில் இடுப்பு வளைந்துவிடும், அப்புறம் பாரமெல்லாம் கைக்கு வரும். கெட்டி ஃபோம் போட்டு, முன்பக்கத்தைத் தொடைக்கு ஏற்றபடி கொஞ்சம் சரித்துத் தைக்கச் சொல்லுங்க. என் வண்டியில் இதைச் செய்த பிறகுதான் வலி நின்றது.

பழைய இரும்பு:
தம்பி, வண்டி பெயர்கூடப் போடாமல் பதில் மட்டும் அவசரமாக வேண்டும் என்றால் எப்படி? முப்பது வருடமாக இந்த வண்டிகளோடு இருக்கிறேன். கம்பெனி கொடுத்த ஹேண்டில், சீட், ஃபுட்ரெஸ்ட் மூன்றும் ஒன்றையொன்று பார்த்து வைத்தவை. ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் தப்பாகும். நீங்கள் ஏற்கெனவே எதையோ மாற்றியிருக்கிறீர்கள். அதைச் சொல்லுங்கள்.

எலும்பும் நரம்பும்:
நான் இயன்முறை சிகிச்சை செய்பவன். இரண்டு கேள்வி. எந்த விரல்கள் மரத்துப்போகின்றன? ஏறும்போதா, இறங்கும்போதா?

அடிவாரத்தான்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுப்போச்சு. புல்லட் 350, 1974. நான் 5 அடி 10 அங்குலம். ஹேண்டில் நேர் பைப் மாதிரி சின்னது, அழகுக்காகப் போட்டேன். சுண்டுவிரலும் மோதிரவிரலும்தான். ஏறும்போது தெரியவில்லை, இறங்கும்போதுதான்.

எலும்பும் நரம்பும்:
அப்படியென்றால் உள்ளங்கையின் வெளி ஓரமாகப் போகும் நரம்பு அழுந்துகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால் அது மணிக்கட்டின் நடுவில் போகும் வேறு நரம்பு. இறக்கத்தில் உடம்பு முன்னால் சரிந்து, முழு எடையும் உள்ளங்கையில் உட்காருகிறது. முழங்காலால் டேங்கைக் கவ்விப் பிடித்து ஓட்டிப் பாருங்கள், கொஞ்சம் குறையும். வண்டியை விட்டு இறங்கிய பிறகும் மரப்பு நீடித்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

கோரிமேடு வாசி:
செலவில்லாத வேலை ஒன்று சொல்கிறேன். ஒரு ஸ்பானர் போதும். வண்டியில் உட்கார்ந்து கையை இயல்பாக நீட்டுங்கள். கிளட்ச் லீவரும் பிரேக் லீவரும் முன்கையின் நேர்கோட்டிலேயே வர வேண்டும். நேர் ஹேண்டில் போடும்போது பல பட்டறைகளில் லீவரைத் தரைக்கு இணையாக முறுக்கிவிடுவார்கள். விரலை நீட்ட ஒவ்வொரு முறையும் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும். இருபது கொண்டை ஊசி வளைவிலும் மடங்கினால் வலிக்கத்தான் செய்யும். கிளட்ச் கேபிளுக்கு எண்ணெய் விட்டு எத்தனை நாளாச்சு? இறங்கும்போது எந்த கியரில் வருகிறீர்கள்? ஏறிய கியரிலேயே இறங்கினால் கிளட்சையும் பிரேக்கையும் பிடிக்கும் வேலையே பாதி குறையும்.

லூப் ரோடு:
ஃபுட்ரெஸ்டை மூன்று அங்குலம் முன்னால் நகர்த்திவிடுங்கள், இடுப்பு நிமிர்ந்துவிடும். லேத்தில் ஒரு நாள் வேலை.

பழைய இரும்பு:
தயவுசெய்து இதைக் கேட்காதீர்கள். 1974 புல்லட்டில் வலது காலில் கியர், இடது காலில் பிரேக். ஃபுட்ரெஸ்ட் மட்டும் நகர்ந்தால் பிரேக் பெடலைக் காலைத் தூக்கித் தேட வேண்டிவரும். மலை இறக்கத்தில் அந்த அரை நொடி போதும். அதோடு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவும் இருக்கிறது. ஐம்பது வருடம் தாண்டிய வண்டி இது. அப்படியே பழைய நிலைக்குக் கொண்டுவந்து விண்டேஜ் நம்பர் வாங்குங்கள். அப்பாவின் வண்டிக்கு அதுதான் மரியாதை.

லூப் ரோடு:
52-வது பிரிவு சொல்வது ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு முரணாக மாற்றக் கூடாது என்று. எந்த ஆர்.சி.யில் ஃபுட்ரெஸ்ட் அளவு போட்டிருக்கிறது?

பழைய இரும்பு:
2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படித்துவிட்டு வாருங்கள். கம்பெனியின் மூல அமைப்பிலிருந்து விலகக் கூடாது என்பதுதான் அதன் சாரம்.

தேங்காய்நார்:
விண்டேஜ் நம்பர் பற்றி ஒரு வார்த்தை. 2021-இல் வந்த விதிப்படி புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடத்துக்குச் செல்லும், ‘விஏ’ எழுத்தோடு நம்பர். ஆனால் அந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் ஊர்வலம், பெட்ரோல், பராமரிப்பு இவற்றுக்குத்தான் வெளியே எடுக்கலாம். ஏற்காடு போக ஆசைப்படுபவரிடம் இதைச் சொல்வது எப்படிச் சரி?

பழைய இரும்பு:
ஓட்டித் தேய்ப்பதற்கு வேறு வண்டிகள் ஆயிரம் இருக்கின்றன.

லூப் ரோடு:
அப்பா ஓட்டிய வண்டியைப் பிள்ளை ஓட்டுவதுதான் மரியாதை. துணி போர்த்தி வைப்பது இல்லை.

செவ்வாய்பேட்டை பட்டறை:
சண்டையைக் கொஞ்சம் நிறுத்துங்க. அடிவாரத்தான் தம்பி, ஒரே ஒரு கேள்வி. சென்டர் ஸ்டாண்ட் போட்டால் பின்சக்கரம் தரையில் படுகிறதா, தூக்கி நிற்கிறதா?

அடிவாரத்தான்:
படுகிறது அண்ணா. ஸ்டாண்ட் தேய்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

செவ்வாய்பேட்டை பட்டறை:
தேய்மானமாகவும் இருக்கலாம். பின் ஷாக் அப்சார்பர் மாற்றினீர்களா?

அடிவாரத்தான்:
ஆமாம் அண்ணா, வேறொரு வண்டியின் கேஸ் ஷாக். அதே ஹேண்டில் போட்ட பட்டறையில்தான். பழையது வீட்டில் இருக்கிறது.

செவ்வாய்பேட்டை பட்டறை:
இதைத்தான் தேடினேன். இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேல் போல்ட் ஓட்டையின் நடுவிலிருந்து கீழ் ஓட்டையின் நடு வரை அளந்து பாருங்க. புதுசு நீளமாக இருக்கும். பின்பக்கம் தூக்கினால் சீட் முன்னால் சரியும், நீங்கள் டேங்க் மேல் வழுக்கிக்கொண்டே போவீர்கள். சமதரையில் இது தெரியாது. கொண்டை ஊசி இறக்கத்தில் சாலைச் சரிவும் சேரும், ஹேண்டிலும் தாழ்வு. எல்லாம் சேர்ந்து உள்ளங்கையில் இறங்குகிறது. ஹேண்டில் வாங்கும் முன் பழைய ஷாக்கை மாட்டுங்க. எண்ணெய் ஒழுகினால் அதே நீளத்தில் புதுசு வாங்குங்க. மாட்டியதும் செயின் தளர்வையும் பார்த்துவிடுங்க.

அப்புறம் உயர்ந்த ஹேண்டில் போடுவதாக இருந்தால் கிளட்ச், ஆக்சிலரேட்டர், முன் பிரேக் மூன்று கேபிளையும் நீளமாக மாற்றுங்க. இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். ஒருமுறை ஹேண்டிலை மட்டும் மாற்றி, பழைய கேபிளோடு மலை ஏறினேன். வளைவில் முழுக்கத் திருப்பியதும் ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபட்டு, நான் முறுக்காமலே வண்டி சீறியது. சுவர் ஓரம் போய்த்தான் நின்றேன். எதிரே பஸ் வரவில்லை, பிழைத்தேன். அதனால் மாற்றியதும் எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டிலை இடக்கோடி, வலக்கோடி இரண்டுக்கும் திருப்புங்க. ஐடிலிங் சத்தம் கொஞ்சம் ஏறினாலும் வண்டியை எடுக்காதீங்க.

பழைய இரும்பு:
ஒன்றை மாற்றினால் மற்றவை தப்பாகும் என்று முதலிலேயே சொன்னேன்.

கோரிமேடு வாசி:
சொன்னீங்க. எதை அளக்க வேண்டும் என்று பட்டறைக்காரர்தான் சொன்னார்.

அடிவாரத்தான்:
புது ஷாக் ஒன்றரை அங்குலம் நீளம். பழையதை மாட்டிவிட்டேன், ஸ்டாண்ட் போட்டால் சக்கரம் தூக்கி நிற்கிறது. லீவரையும் கீழே திருப்பினேன். ஞாயிறு போய் வந்தேன். இடுப்பு சரியாகிவிட்டது. சுண்டுவிரலில் மட்டும் கடைசி நாலு வளைவில் கொஞ்சம் மரப்பு. ஹேண்டில் அடுத்த மாதம் சம்பளம் வந்ததும். எல்லோருக்கும் நன்றி.

செவ்வாய்பேட்டை பட்டறை:
நல்லது தம்பி. கேபிள் மூன்றையும் ஹேண்டிலோடு சேர்த்தே வாங்குங்க. செயின் பார்த்தீங்களா?

தேங்காய்நார்:
சீட் ஃபோமையும் ஒரு தடவை அழுத்திப் பாருங்க.

செவ்வாய்பேட்டை பட்டறை:
தம்பி, செயின்?