ஜாவா: இரண்டு பெயரும் ஒன்றுதான், ஆனால் == இல்லை என்கிறது. உதவி தேவை

தேன்மொழி_க
வணக்கம். சி கொஞ்சம் தெரியும், இப்போது ஜாவா தொடங்கியிருக்கிறேன். வகுப்பு வருகைப் பதிவுக்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதிப் பார்க்கிறேன். ஸ்கேனர் (கீபோர்டில் தட்டுவதைப் படிக்கும் ஜாவா கிளாஸ்) வழியாகப் பெயரை வாங்கி, "கயல்" என்பதோடு == போட்டு ஒப்பிடுகிறேன். கயல் என்றே தட்டினாலும் "பட்டியலில் இல்லை" என்று வருகிறது.

ஸ்கேனரை எடுத்துவிட்டு, இரண்டு ஸ்டிரிங்கிலும் நேரடியாக "கயல்" என்று எழுதி ஒப்பிட்டால் மட்டும் ட்ரூ வருகிறது! இடைவெளி ஏதாவது ஒட்டிக்கொண்டதோ என்று ட்ரிம் போட்டுப் பார்த்தேன், மாற்றமில்லை. லென்த் இரண்டுக்கும் 4 (எழுத்து மூன்றுதானே?). ஜாவா 17, கோட் எழுத எக்லிப்ஸ்.

மின்மினி
== வேண்டாம், உள்ளே இருக்கும் எழுத்துகளை ஒப்பிடும் ஈக்வல்ஸ் போடுங்கள். வேலை முடிந்தது.

வைகைக்கரை
மின்மினி சொன்னது சரி. ஆனால் காரணம் தெரியாமல் மாற்றினால் அடுத்த வாரம் வேறு இடத்தில் இதே சிக்கலோடு வருவீர்கள்.

சியில் இரண்டு ஸ்டிரிங்கை ஒப்பிட ஸ்டர்கம்ப் போடுவீர்கள் அல்லவா? == போட்டால் அங்கே முகவரிகள்தான் ஒப்பிடப்படும். ஜாவாவிலும் ஆப்ஜெக்ட் என்று வந்துவிட்டால் கதை அதேதான். == கேட்பது "இந்த இரண்டு மாறியும் ஒரே ஆப்ஜெக்டைக் காட்டுகின்றனவா?" என்று மட்டும். உள்ளே என்ன எழுத்து இருக்கிறது என்று அது பார்ப்பதே இல்லை.

நேரடியாக எழுதியபோது ட்ரூ வந்தது ஏன் என்றால், கோடில் "கயல்" எத்தனை இடத்தில் இருந்தாலும் ஜாவா ஒரே ஒரு ஆப்ஜெக்டை வைத்துக்கொண்டு எல்லா இடத்துக்கும் அதையே தரும். ஸ்கேனர் தருவதோ புரோகிராம் ஓடும்போது புதிதாகப் பிறக்கும் ஸ்டிரிங். எழுத்து ஒன்று, ஆப்ஜெக்ட் வேறு. முதல் சோதனையில் ட்ரூ காட்டி நம்ப வைத்துவிடுகிறது பாருங்கள், அதுதான் இதில் மோசம்.

இன்டிஜரிலும் இதே விளையாட்டு உண்டு. இரண்டு இன்டிஜர் மாறிகளில் 127 வைத்து == போட்டால் ட்ரூ. 128 வைத்தால் பெரும்பாலும் ஃபால்ஸ். -128 முதல் 127 வரை ஜாவா முன்கூட்டியே ஆப்ஜெக்ட் செய்து வைத்திருப்பதுதான் காரணம். ஆப்ஜெக்ட் அல்லாத சாதாரண இன்ட் வகைக்கு இந்தத் தொல்லை கிடையாது.

லென்த் 4 சரிதான். ல்-இன் புள்ளியைத் தனியாக எண்ணுகிறது.

தேன்மொழி_க
ஈக்வல்ஸ் வேலை செய்கிறது, நன்றி. அதே தைரியத்தில் மாணவர் என்று ஒரு கிளாஸ் எழுதி, ரோல் நம்பர் ஒன்றாக இருந்தால் ட்ரூ தருகிற மாதிரி ஈக்வல்ஸும் எழுதினேன். நேராக அழைத்தால் சரியாக வருகிறது. ஆனால் அர்ரேலிஸ்ட் என்ற பட்டியலில் போட்டு, உள்ளே இருக்கிறாரா என்று கன்டெய்ன்ஸ் கேட்டால் ஃபால்ஸ். ஏன்?

வைகைக்கரை
உங்கள் ஈக்வல்ஸின் அடைப்புக்குறிக்குள் "மாணவர் ம" என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்?

தேன்மொழி_க
ஆமாம் சார். மாணவரோடு மாணவரைத்தானே ஒப்பிடுகிறேன்?

வைகைக்கரை
அங்கேதான் சிக்கல். எல்லா கிளாஸுக்கும் மூத்ததாக "ஆப்ஜெக்ட்" என்றே பெயருள்ள ஒரு கிளாஸ் உண்டு. அதிலுள்ள ஈக்வல்ஸ் வாங்குவது ஆப்ஜெக்ட் வகையை. நீங்கள் மாணவர் வகையை வாங்கும்படி எழுதியதால் பழையது மாறவில்லை, அதன் பக்கத்தில் அதே பெயரில் இன்னொரு மெத்தட் வந்திருக்கிறது. அதாவது ஓவர்லோட் ஆகியிருக்கிறது, ஓவர்ரைட் ஆகவில்லை. நீங்கள் நேராக அழைக்கும்போது உங்களுடையது ஓடுகிறது. அர்ரேலிஸ்ட்டுக்கோ உங்கள் கிளாஸைப் பற்றி ஒன்றும் தெரியாது, அது ஆப்ஜெக்ட் வாங்கும் ஈக்வல்ஸைத்தான் அழைக்கும். அந்தப் பழைய ஈக்வல்ஸ் உள்ளே செய்வது வெறும் ==.

வகையை ஆப்ஜெக்ட் என்று மாற்றி, மேலே @ஓவர்ரைட் எழுதுங்கள். அந்த ஒரு வரி இருந்திருந்தால், வகை பொருந்தவில்லை என்று கம்பைலரே பிழை காட்டியிருக்கும். பாடம் நடத்துகிற பலர் அதை வெறும் அலங்காரம் போலத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

கூடவே ஹேஷ்கோடும் (ஆப்ஜெக்டுக்கு ஒரு எண் தரும் மெத்தட்) எழுதியாக வேண்டும். ஒன்றை ஒருமுறை மட்டும் வைத்துக்கொள்ளும் தொகுப்பான ஹேஷ்செட் முதலில் ஹேஷ்கோடை வைத்துத்தான் எந்தப் பெட்டியில் தேடுவது என்று முடிவு செய்யும். அது வேறு வேறாக இருந்தால் ஈக்வல்ஸ் வரை போகவே போகாது, ஒரே மாணவர் இரண்டு முறை உள்ளே இருப்பார். எக்லிப்ஸில் சோர்ஸ் மெனுவுக்குப் போனால் இரண்டையும் சேர்த்தே எழுதித் தரும். ரோல் நம்பரை மட்டும் டிக் செய்யுங்கள்.

மின்மினி
ஜாவா 17 என்றால் ஈக்வல்ஸையும் ஹேஷ்கோடையும் தானாகவே தரும் ரெக்கார்ட் வகை கிளாஸ் இருக்கிறதே, இவ்வளவு பாடு எதற்கு?

வைகைக்கரை
ரெக்கார்ட் நல்லதுதான், ஆனால் தானாகச் செய்தால் எல்லாப் புலங்களையும் ஒப்பிடும். ரோல் நம்பர் ஒன்று, பெயரில் இனிஷியல் மட்டும் வேறு என்றால் இரண்டு ஆளாகிவிடும். அதோடு, தொடங்குகிறவர்கள் ஒருமுறையாவது கையால் எழுதிப் பார்க்க வேண்டும்.

தேன்மொழி_க
கன்டெய்ன்ஸ் இப்போது ட்ரூ. கடைசியாக ஒன்று. பெயர்ப் பட்டியலைத் தோழி அனுப்பிய கோப்பிலிருந்து படிக்கிறேன். பெயரை வைத்துத் தேடினால் எல்லாரும் கிடைக்கிறார்கள், கோமதி மட்டும் இல்லை! ஈக்வல்ஸ்தான் போட்டிருக்கிறேன். கோப்பில் உள்ள கோமதிக்கு லென்த் 6, நான் தட்டியதற்கு 5.

வைகைக்கரை
லென்த் பார்த்தீர்களே, அதுவே பாதி விடை. யூனிகோடில் "கோ"வை இரண்டு விதமாக எழுதலாம். ஓகாரக் குறி முழுதாக ஒரே குறியீடாக வரலாம், அல்லது முன்னால் வரும் ஏகாரக் கொம்பும் பின்னால் வரும் காலும் தனித்தனியாக வரலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஈக்வல்ஸ் குறியீடுகளை வரிசையாக ஒப்பிடுவதால் இரண்டும் வேறு என்கிறது. கொடி, சௌமியா போன்ற பெயர்களுக்கும் இது வரும்.

ஜாவா.டெக்ஸ்ட்டில் நார்மலைசர் என்று ஒரு கிளாஸ் இருக்கிறது. பெயரை என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றச் சொன்னால் பிரிந்தவை சேர்ந்துவிடும். மாணவர் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரிலேயே மாற்றிச் சேமியுங்கள், தட்டி வாங்கும் பெயரையும் தேடுவதற்கு முன் அதே மாதிரி மாற்றிவிடுங்கள்.

தேன்மொழி_க
கோமதி வந்துவிட்டாள். இரண்டு பக்கமும் லென்த் 5.