11 மாதக் குழந்தையுடன் 14 மணி நேரப் பயணம்: தொட்டிலா, தனி இருக்கையா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் என் மகளை அழைத்துக்கொண்டு, இடையில் எங்கும் நிற்காத 14 மணி நேர விமானத்தில் நான் மட்டும் தனியாகச் செல்ல வேண்டியிருக்கிறது. அப்போது அவளுக்கு 11 மாதம் நிறைந்திருக்கும். எடை ஒன்பதரை கிலோ. எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். இரண்டு வயது நிறையாத குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்பதால் தனி இருக்கை எடுக்காமல், முன்வரிசைத் தடுப்பில் மாட்டும் தொட்டிலைக் கேட்டிருக்கிறேன். இறங்கும்போது காது வலியில் துடித்துவிடுவாள் என்கிறார் உறவினர் ஒருவர்; தூக்கம் வரவழைக்கும் சளி மருந்தைக் கொஞ்சம் கொடுத்துவிட்டால் போதும் என்கிறார் இன்னொருவர். எதை நம்புவதென்று தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1

என் மகனுக்குப் பத்து மாதமாக இருந்தபோது இதே போன்ற பயணத்தைச் செய்தேன். தொட்டிலை மட்டும் நம்பி ஏறாதீர்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் எடை வரம்பு மாறும். நீளத்துக்கும் வரம்பு வைத்திருப்பார்கள். முன்பதிவு செய்திருந்தாலும் உறுதி கிடையாது. எழுந்து நிற்கும் குழந்தைக்கு அது ஏறக்குறைய சிறியதாகிவிட்டது என்றே கொள்ள வேண்டும். விமானம் குலுங்கி, சீட் பெல்ட் விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும் தூங்கும் குழந்தையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். அன்று இரவு நான்கு முறை எடுத்தேன். நான்காம் முறை அவன் தொட்டிலின் வலையை விரல்களால் இறுகப் பற்றிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு விரலாக விடுவித்துத் தூக்கினேன். அதன் பிறகு விடியும் வரை அவன் உறங்கவே இல்லை.

மற்றொன்று, முன்வரிசையில் காலடியில் பை வைக்க இடமிராது. ஏறும்போதும் இறங்கும்போதும் அது மேலே போய்விடும். ஆகவே இரண்டு டயப்பர், ஈரத்துணி, ஒரு மாற்றுடை ஆகியவற்றை மட்டும் சிறு பையில் தனியாகக் கட்டிக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தில் மணிக்கு ஒன்று என்று டயப்பர் எண்ணிக்கை இருக்கட்டும். உங்களுக்கும் ஒரு மேலாடை எடுத்துக்கொள்ளுங்கள். வாந்தி படிந்த உடையோடு நான் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுமொழி 2

குழந்தைகள் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். காதைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் மட்டும் சொல்கிறேன். விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குக் கீழே போகாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். ஏறும்போது நடுக்காதில் விரியும் காற்று எளிதாக வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் வெளிக்காற்று தொண்டையிலிருந்து செல்லும் குறுகிய குழாய் வழியாக உள்ளே புக வேண்டும். கைக்குழந்தைகளுக்கு அந்தக் குழாய் இன்னும் குறுகலானது என்பதால் வலிக்கிறது. விழுங்கும் ஒவ்வொரு முறையும் குழாய் திறக்கும். சக்கரங்கள் தரையைத் தொடும் நேரத்துக்காகப் பாலை வைத்துக் காத்திருக்காதீர்கள். தரையிறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே அழுத்தம் மாறத் தொடங்கிவிடும். கீழிறங்குவதாக அறிவிப்பு வந்ததும் தலையைச் சற்று நிமிர்த்திப் பிடித்துத் தாய்ப்பாலோ புட்டிப்பாலோ கொடுங்கள். அழுதாலும் பதற வேண்டாம். அழுகையும் காதைத் திறக்கும்.

தூங்க வைப்பதற்காக மட்டும் சளி மருந்து கொடுப்பதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். அவ்வகை மருந்துகள் சில குழந்தைகளைத் தூங்க வைப்பதற்கு மாறாகப் படபடப்பும் அழுகையும் உண்டாக்கும். அளவு மிகுந்தால் மூச்சையே பாதிக்கும். புறப்படும் வாரத்தில் சளியோ காது வலியோ இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

மறுமொழி 3

பல ஆண்டுகள் விமானப் பணிப்பெண்ணாக இருந்தவள் என்ற முறையில், பணம் ஒத்துழைத்தால் தனி இருக்கையே எடுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் ஒரு விமானம் அவசரமாகத் தரையிறங்கி உடைந்து தீப்பற்றியது. மடிக் குழந்தைகளைத் தரையில் கிடத்தி அணைத்துப் பிடிக்கும்படி, அன்றைய விதிமுறையின்படியே, தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன் பெற்றோரிடம் சொன்னார். அக்குழந்தைகளுள் ஒன்று பிழைக்கவில்லை. அதன்பின் ஒவ்வொரு குழந்தைக்கும் தனி இருக்கையும் பட்டையும் வேண்டும் என்று அவர் பல்லாண்டுகள் குரல் கொடுத்தார். அமெரிக்க விமானத் துறை மடியில் வைத்துக்கொள்வதை இன்னும் அனுமதித்தாலும், குழந்தை இருக்கையில் கட்டி அமர்த்துவதையே வற்புறுத்திப் பரிந்துரைக்கிறது. பலமாகக் குலுங்கும்போது எந்தத் தாயின் கையும் ஒன்பதரை கிலோவைப் பிடித்து நிறுத்தாது.

காரில் பயன்படுத்தும் குழந்தை இருக்கையையே எடுத்துச் செல்லலாம். விமானத்துக்கும் ஏற்றது என்ற வரி அதன் ஒட்டுவில்லையில் இருக்கிறதா என்று பாருங்கள், அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் ஜன்னலோரத்தில்தான் வைக்க விடுவார்கள்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று நிறுவனத்தை அழைத்துக் கேட்டபோது தொட்டிலின் வரம்பு 10 கிலோ என்றார்கள். இன்னும் ஒரு மாதத்தில் அவள் அதை எட்டிவிடுவாள். ஜன்னலோரத் தனி இருக்கையாக மாற்றிவிட்டேன். எங்கள் கார் இருக்கையின் ஒட்டுவில்லையில் அந்த வரி இருக்கிறது. அகலம் 42 சென்டிமீட்டர், விமான இருக்கை 43. நாளை முதல் தினமும் சிறிது நேரம் அதில் உட்கார வைத்துப் பழக்கப் போகிறேன்.