கோல் போட்டால்தான் பரிசா? நம் முதலாண்டு ஆட்டக்காரர்கள் பற்றி ஒரு கேள்வி

முதுநகர் ரசிகன், கடலூர்:

நம் கல்லூரி ஹாக்கி அணியின் ஆட்டம் எங்கே நடந்தாலும் வந்து நிற்கிற எல்லோருக்கும் வணக்கம். ஆண்டு விழா நெருங்குகிறது. பழைய மாணவர்கள் பணம் சேர்த்துக் கொடுக்கிற முதலாண்டு ஆட்டக்காரர் கேடயத்தை இந்த முறை யாருக்குக் கொடுப்பது என்று பேசியாக வேண்டும். இதுவரை ஒரே கணக்குதான்: முதலாண்டு மாணவர்களில் அதிக கோல் போட்டவர் யாரோ, அவருக்கு. இந்தக் கணக்கை மாற்ற வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நம் 4-ஆம் எண் பையனைக் கவனித்திருப்பீர்கள். குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பஸ் பிடித்துப் பயிற்சிக்கு வருகிறவன். லெஃப்ட் ஹாஃப், அதாவது இடப்பக்கத்தில் நடுக்களத்துக்கும் தற்காப்புக்கும் இடையே நின்று மறிக்கிறவன். இந்தப் பருவத்தில் அவன் பெயரில் ஒரு கோல்கூட இல்லை. ஆனால் எதிரணிக்குப் பெனால்டி கார்னர் (நம் தவறுக்காகப் பின்கோட்டிலிருந்து பந்தை உள்ளே தள்ளி, கோலுக்கு முன்னுள்ள வட்டத்தின் உச்சியிலிருந்து அடிக்கிற வாய்ப்பு) கிடைக்கும்போதெல்லாம் கோல் கோட்டிலிருந்து முதலில் பாய்ந்து ஓடுகிறவன் அவன்தான்.

அந்த வேலை என்ன என்பதைக் கிட்டே நின்று பார்த்தால்தான் தெரியும். முகக்கவசத்தின் பட்டையைப் பின்தலையில் இறுக்குவான். முழங்கால் காப்பை ஒருமுறை தட்டிப் பார்ப்பான். கம்பத்தை ஒட்டி ஒரு காலை முன்வைத்துக் குனிந்து நிற்பான். பந்து உள்ளே தள்ளப்பட்டதுதான் தாமதம், வட்டத்தின் உச்சியைப் பார்த்து ஓடத் தொடங்கிவிடுவான். உடல் இடப்புறம் ஒதுங்கியிருக்கும். மட்டை மட்டும் பந்து வரும் வழியில் தரையோடு படிந்து வரும். பந்தின் எடை 156 முதல் 163 கிராம். ஓங்கி அடிக்கிற முதல் அடி கோலின் அடிப்பலகை உயரமான 46 சென்டிமீட்டருக்குள் கோல் கோட்டைக் கடக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பந்தை மட்டையால் இழுத்துச் சுண்டி எறிகிற டிராக் ஃபிளிக்குக்கு அந்த வரம்பு இல்லை. நெஞ்சுக்கும் வரும், முகத்துக்கும் வரும்.

மண்டலப் போட்டியின் அரையிறுதியில் நாம் ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். கடைசி நேரத்தில் எதிரணிக்கு அடுத்தடுத்துப் பெனால்டி கார்னர். முதல் பந்தை மட்டையில் வாங்கினான், அது பின்கோட்டைத் தாண்டாமல் மறுபடி அவர்கள் காலடிக்கே போனது, நம் தற்காப்பு வீரர் ஒருவர் தவறிழைத்து மீண்டும் கார்னர். இரண்டாவது பந்து அவன் கணுக்காலில் பட்டது. அடிப்பவரிடமிருந்து ஐந்து மீட்டருக்குள் முதலில் ஓடி வருகிறவனுக்கு முழங்காலுக்குக் கீழே பட்டால் மறுபடியும் பெனால்டி கார்னர்தான். அடி வாங்கியவனுக்குச் சலுகை கிடையாது. நொண்டிக்கொண்டே திரும்பி வந்து அதே கம்பத்தருகில் நின்றான். வேறொருவனை ஓடச் சொன்ன தலைவனிடம் கையை அசைத்து மறுத்துவிட்டு மூன்றாவது முறையும் ஓடினான். பந்து மட்டையில் பட்டு வெளியே தெறித்தது. அந்த ஆட்டத்தை நாம் வென்றது அப்படித்தான். மறுநாள் செய்தியில் வந்தது கோல் போட்டவர் பெயர் மட்டும்.

இந்திய அணியில் இதே வேலைக்குப் பெயர் போனவர் அமித் ரோஹிதாஸ். 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் சிவப்பு அட்டை வாங்கியதால் ஜெர்மனியுடனான அரையிறுதியில் அவரால் ஆட முடியவில்லை. 3-2 என்று தோற்றோம். அன்று தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வொருவரும் அவர் இல்லாத குறையைச் சொன்னோம். நம் கல்லூரிப் பையனுக்கு மட்டும் கோல் கணக்கா?

வேறு எப்படித் தேர்ந்தெடுப்பது, கேடயத்தைத் தவிர இந்தப் பிள்ளைகளுக்கு உருப்படியாக என்ன செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர், நெல்லிக்குப்பம்:

தம்பி, நீங்கள் சொல்வது புதிய கோரிக்கை அல்ல. நாட்டில் ஹாக்கியை நடத்துகிற அமைப்பான ஹாக்கி இந்தியா ஆண்டுதோறும் கொடுக்கிற விருதுகளைப் பாருங்கள். சிறந்த முன்கள வீரருக்கு தன்ராஜ் பிள்ளை பெயரில் விருது. நடுக்களத்துக்கு அஜித் பால் சிங் பெயரில். தற்காப்புக்குப் பர்கத் சிங் பெயரில். கோல்கீப்பருக்குப் பல்ஜித் சிங் பெயரில். இடத்துக்கு ஓர் அளவுகோல். 21 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கான வளரும் வீரர் விருது ஜுக்ராஜ் சிங் பெயரில் இருக்கிறது. அவர் பெனால்டி கார்னர் அடிப்பதில் கெட்டிக்காரர். 2003-இல் கார் விபத்தில் சிக்கி, இருபது வயதில் ஆட்டமே போயிற்று. இளம் வயதில் கிடைக்க வேண்டியது இளம் வயதிலேயே கிடைத்துவிட வேண்டும் என்பதற்கு அந்தப் பெயரைவிடப் பொருத்தமான பெயர் இல்லை.

ஆனால் எனக்குக் கேடயத்தைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. அந்தப் பையன் படிப்பை முடித்து வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கேடயத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. மத்திய அரசுப் பணிகளுக்கும் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அங்கே கேட்பது படிவம். நாட்டுக்காக ஆடியவருக்குப் படிவம் 1, மாநிலத்துக்காக ஆடியவருக்குப் படிவம் 2, பல்கலைக்கழக அணிக்காகப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவருக்குப் படிவம் 3. கல்லூரிக்காக மட்டும் எத்தனை ஆட்டம் ஆடியிருந்தாலும் இந்த மூன்றிலும் இடமில்லை. படிவம் 3 பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பொறுப்பில் இருக்கிற அதிகாரி தம் கையால் ஒப்பமிட்டால்தான் செல்லும். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, அதிகாரி மாறிப்போன பின் அலைந்த மாணவர்கள் பலரை எனக்குத் தெரியும். ஆடிய ஆண்டிலேயே வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

ஆக, 4-ஆம் எண் பல்கலைக்கழக அணித் தேர்வுக்குப் போயாக வேண்டும். அங்கேதான் சிக்கல். தேர்வில் பல கல்லூரிப் பிள்ளைகளைக் கலந்து விட்டு ஆடச் சொல்வார்கள். ஒவ்வொருவனும் பந்தை வைத்துக்கொண்டு வித்தை காட்டுவான். லெஃப்ட் ஹாஃபின் அருமை அந்த அரை மணி நேரத்தில் தெரியாது. இடம் பார்த்து நிற்பதும், ஓட்டத்தை மறிப்பதும், வலப்பக்கம் திறந்திருக்கிறது என்று பார்த்துப் பந்தை மாற்றிவிடுவதும் கண்ணில் படாத வேலைகள். அதனால் கையில் கணக்கு வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்திலும் இரண்டு பேர் நோட்டுப் புத்தகத்தோடு 23 மீட்டர் கோட்டுக்கு நேராக, பக்கத்துக்கு ஒருவராக உட்காருங்கள். யார் பந்தை மறித்தார், யார் தவறிழைத்துப் பந்தை இழந்தார், யார் பெனால்டி கார்னர் பெற்றுத்தந்தார், எத்தனை கார்னரில் யார் ஓடித் தடுத்தார் என்று சட்டை எண்ணையும் நிமிடத்தையும் போட்டு எழுதுங்கள். கோலுக்குப் பின்னாலிருந்து பெனால்டி கார்னர்களை மட்டும் கைப்பேசியில் படம் பிடியுங்கள். பயிற்சியாளர் அதை எடுத்துக்கொண்டு தேர்வாளர்களிடம் பேசலாம். வெறும் வாய்ச் சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை.

பண்ருட்டியிலிருந்து ஒருவன்:

4-ஆம் எண்ணைப் பற்றிச் சொன்னது முழுக்க உண்மை. ஆனால் 11-ஆம் எண்ணை விட்டுவிடாதீர்கள். அவனும் முதலாண்டுதான். கோல் போடுவது சும்மா வருவதில்லை. அரையிறுதியில் அந்த ஒரு கோல் முன்னிலையைக் கொடுத்தவனே அவன்; பின்கோட்டை ஒட்டிக் கோணமே இல்லாத இடத்திலிருந்து கோல்கீப்பரின் கால் இடுக்கில் தள்ளினான். ஒருவனைத் தூக்க இன்னொருவனை இறக்க வேண்டியதில்லை. முன்களத்துக்கு ஒன்று, தற்காப்புக்கு ஒன்று என்று இரண்டாகக் கொடுங்கள். கூடுதல் பணத்துக்கு நான் பொறுப்பு.

கோல்கீப்பரின் அக்கா, பாகூர்:

அண்ணா, நீங்கள் எல்லோரும் ஆண்கள் அணியைப் பற்றியே பேசுகிறீர்கள். நம் கல்லூரிக்குப் பெண்கள் அணியும் இருக்கிறது. என் தங்கை அதில் கோல்கீப்பர், முதலாண்டு. பாகூரிலிருந்து கடலூருக்குப் பஸ்ஸில் வருகிறாள். கால் காப்பு, உதைகாலணி, ஹெல்மெட் எல்லாம் அடைத்த பையை மடியிலும் வைக்க முடியாது, மேலே பலகையிலும் ஏறாது. கூட்டமாக இருந்தால் நடத்துநர் அடுத்த பஸ்ஸில் வரச் சொல்வார். அவள் காத்திருந்து வருவாள். அந்தக் காப்புகள் அவளுக்கு மூத்த மாணவி ஒருத்தி விட்டுப்போனவை. இடது காலில் ஒரு பட்டை அறுந்து, நான்தான் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்து வாங்கினேன்.

இதுவரை அந்தக் கேடயம் ஒரு பெண்ணுக்கும் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஹாக்கி இந்தியாவில் வளரும் வீராங்கனைக்கு அசுந்தா லக்ரா பெயரில் தனி விருது இருக்கிறது. லக்னோவில் காய்கறி விற்கிற குடும்பத்திலிருந்து வந்த மும்தாஜ் கான் 2022 ஜூனியர் உலகக் கோப்பையில் 8 கோல் அடித்து, சர்வதேச ஹாக்கி கூட்டமைப்பின் வளரும் நட்சத்திர விருதையும் வாங்கினார். அவரை யாரோ ஆரம்பத்தில் உட்கார்ந்து பார்த்ததால்தானே அது நடந்தது? எங்கள் பிள்ளைகள் ஆட்டத்தைப் பார்க்க உங்களில் எத்தனை பேர் வருகிறீர்கள்? கோபத்தில் கேட்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் தங்கை முதலில் கேட்பது 'யாராவது வந்தார்களா அக்கா' என்பதுதான்.

சார் சொன்ன நோட்டுப் புத்தகத்தைப் பெண்கள் அணிக்கும் எழுதுங்கள். கோல்கீப்பருக்கு, தடுத்த பந்தோடு தடுக்க முடியாமல் போனது எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். தற்காப்பு முழுவதும் முன்னே போய்விட்டபோது விழுந்த கோலையும் கைக்கு நேராக வந்து நழுவிய கோலையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

முதுநகர் ரசிகன், கடலூர்:

அக்கா, நீங்கள் கேட்டது நியாயம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாகக் கொடுப்போம். ஒவ்வொன்றிலும் முன்களத்துக்கு ஒன்று, தற்காப்புக்கும் கோல்கீப்பருக்கும் சேர்த்து ஒன்று. பண்ருட்டி நண்பர் கூடுதல் பணம் தருவதாகச் சொல்லிவிட்டார். போதாததை முதுநகரில் கடை வைத்திருக்கிற பழைய மாணவர்களிடம் நானே போய்க் கேட்கிறேன். கேடயத்தின் அளவைக் குறைத்து, மிச்சப் பணத்தில் பெண்கள் அணிக்குக் கால் காப்பு ஒரு ஜோடி வாங்கலாம் என்று தோன்றுகிறது. தங்கையின் அளவைத் தெரிவியுங்கள்.

தேர்வுக் குழுவில் சார் இருக்க வேண்டும், அக்காவும் இருக்க வேண்டும். நெல்லிக்குப்பத்திலிருந்து வரப் பஸ் வசதி இருக்கிறது. சார் மறுக்கக் கூடாது.

நோட்டு அடுத்த ஆட்டத்திலிருந்து தொடங்குகிறது. சார் சொன்ன தலைப்புகளைக் கட்டம் போட்டு எழுதி வைத்துவிட்டேன். ஆட்டம் முடிந்ததும், செய்தியாளர்களுக்கு அனுப்புகிற குறிப்பில் கோல் போட்டவர்களோடு கார்னர் தடுத்தவர், கோல்கீப்பர் பெயர்களும் ஊர்ப் பெயரோடு போகும். அந்தக் குறிப்பை நான் எழுதுகிறேன்.

4-ஆம் எண்ணிடம் நேற்று மாலை பயிற்சி முடிந்ததும் பேசினேன். பல்கலைக்கழக அணித் தேர்வு என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை. பிறந்த தேதிச் சான்று, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், கல்லூரி அடையாள அட்டை ஆகியவற்றின் நகல்களைத் தயாராக வைக்கச் சொல்லியிருக்கிறேன். 11-ஆம் எண்ணுக்கும் பெண்கள் அணியின் முதலாண்டு மாணவிகளுக்கும் இதையே யாராவது சொல்லிவிடுங்கள். பெண்கள் அணியின் அடுத்த ஆட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்று தெரிந்ததும் அக்கா இங்கேயே எழுதவும். நோட்டோடு நாங்கள் வருகிறோம்.